சோலெக்ஸ் ரிப்பேர் கிட்: அம்பாசிடருக்குப் பிக்கப் திரும்புமா?

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் என்று எந்த ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டாலும் சரி, அம்பாசிடர் கார்பரேட்டர் என்று சொன்னதும் சோலெக்ஸ் ரிப்பேர் கிட் என்று ஒரு பிளாஸ்டிக் கவர் மேசைக்கு வந்துவிடும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்பரேட்டரில் சோலெக்ஸ் ஒரு பிராண்ட். உள்ளே நாலைந்து பேக்கிங், பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஒரு நீடில் வால்வு, ரப்பர் சவ்வாக ஒரு பம்ப் டயாபிரம், ஸ்பிரிங், துவாரத்தால் பெட்ரோலை அளந்துவிடும் இரண்டு ஜெட், சில்லறை வாஷர்கள். "பிக்கப் இல்லையா, கிட் மாத்திடுங்க சார்" என்ற வைத்தியமும் கூடவே வரும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பேக்கிங்குக்காகவும் வாஷருக்காகவும் இந்தக் கிட்டைத் தாராளமாக வாங்கலாம். டயாபிரத்தைச் சோதித்துப் பார்த்துத்தான் பூட்ட வேண்டும். ஜெட்டுகளைப் பூட்டவே வேண்டாம். இதற்கெல்லாம் முன்னால், பிக்கப் போனது கார்பரேட்டரால்தானா என்று தெரிந்திருக்க வேண்டும். அதைப் பார்க்காமல் கிட் மாற்றுவது, காய்ச்சல் எதனால் என்று தெரியாமல் ஊசி போடுகிற கதை.

இங்கே பேசுவது 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் அம்பாசிடரைப் பற்றி. மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 1957-இல் தொடங்கி 2014 வரை இந்த வண்டி தயாரானது. அதில் 1992-க்குப் பிறகு வந்த 1817 சி.சி. இசுசு இன்ஜின் வண்டிக்கு இந்தக் கிட் பொருந்தாது. பழைய வண்டிகள் சிலவற்றில் சோலெக்ஸுக்குப் பதிலாக எஸ்.யு. கார்பரேட்டர் இருக்கும், மேலே மணி கவிழ்த்த மாதிரி ஒரு டோம் தெரிந்தால் அது எஸ்.யு. அதற்கும் இந்தக் கிட் உதவாது. பத்மினி காருக்கு விற்கும் சோலெக்ஸ் கிட் தனி. கவர் ஒரே மாதிரி இருக்கிறதே என்று மாற்றி வாங்கிவிடக் கூடாது. கார்பரேட்டர் உடம்பில் பொறித்திருக்கும் எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது.

டெல்டாவில் இந்தப் புகார் ஒரு பருவம் பார்த்து வரும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. கல்யாணத்துக்கு மட்டும் வெளியே வருகிற அம்பாசிடர் அந்த மாதங்களில் கொட்டகையில் நிற்கும். நிற்கிற வண்டியின் கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் இடமான ஃப்ளோட் சேம்பரில் இருக்கும் பெட்ரோல் சில வாரங்களில் ஆவியாகி, அடியில் பிசினாகப் படியும். அந்தப் பிசின் முதலில் அடைப்பது மிகச் சிறிய துவாரங்களை: ஐட்லிங்குக்கான ஸ்லோ ஜெட், பம்ப் நாசில், பெட்ரோலில் காற்றைக் கலக்கும் எமல்ஷன் டியூபின் பக்கத் துளைகள். ஐப்பசி கார்த்திகை மழையில் பாதி காலியான டேங்குக்குள் ஈரம் கோத்துத் துருவும் சேர்ந்துவிடும். தை பிறந்ததும் வண்டியை எடுத்தால் ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஆனால் இழுக்காது. இப்படி வருகிற வண்டிக்குத் தேவைப்படுவது சுத்தம் செய்வதுதான். கிட்டில் பேக்கிங் மட்டும் இருந்தால் போதும்.

இழுவை எப்போது இல்லை என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஆக்சிலேட்டரை மிதித்த அந்த நொடியில் ஒரு தடுமாற்றம், பிறகு சுதாரித்துக்கொண்டு ஓடுகிறது என்றால் மிதித்ததும் கூடுதல் பெட்ரோலைப் பீச்சும் ஆக்சிலேட்டர் பம்ப், எங்காவது காற்றுக் கசிவு, அல்லது ஸ்பார்க் விழும் நேரமான டைமிங். முதலில் நன்றாக இழுத்து, அறுபதைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் ஓடிய பின் மூச்சு வாங்குகிறது என்றால் பெட்ரோல் வரத்து போதவில்லை. எந்த வேகத்திலும் ஒரே மந்தம் என்றால் கார்பரேட்டரைக் கடைசியில் பார்க்கலாம். டைமிங், கம்ப்ரெஷன், பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், நழுவும் கிளட்ச் ஆகியவைதான் முன்னே நிற்கும். மிதிக்கும்போது கார்பரேட்டர் வாய் வழியாக 'டப்' என்று தும்மினால் கலவையில் பெட்ரோல் குறைவு, அல்லது இன்லெட் வால்வு இடைவெளி இறுகிவிட்டது.

காசே செலவில்லாத சோதனை ஒன்று உண்டு, அதைப் பலர் செய்வதில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு, ஏர் கிளீனரைக் கழற்றி வைத்து, ஒருவரை உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லுங்கள். மேலிருந்து பார்த்தால், காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு செங்குத்தாக நிற்க வேண்டும். முக்கால் பாகம் திறந்து நின்றுவிட்டால் இணைப்புக் கம்பிகள் தேய்ந்திருக்கின்றன, அல்லது பெடலுக்கு அடியில் தடித்த மேட் கிடக்கிறது. கல்யாண வண்டிகளில் புதுக் கார்ப்பெட் போட்ட கையோடு பிக்கப் போவதற்கு இதுதான் காரணம். எந்தக் கிட்டும் இதைச் சரிசெய்யாது.

அதே நிலையில் பம்பையும் பார்த்துவிடலாம். பக்கவாட்டில் நான்கு ஸ்குரூ போட்ட சின்ன மூடியும் லீவரும் இருந்தால் அந்த மாடலில் ஆக்சிலேட்டர் பம்ப் இருக்கிறது. த்ராட்டிலைச் சட்டென்று திறந்ததும், திறந்த அதே கணத்தில், நாசிலிலிருந்து கம்பி மாதிரி ஒரு பீச்சல் வர வேண்டும். தாமதமாக வந்தால் லீவர் கம்பியில் ஆட்டம். சொட்டுச் சொட்டாக வந்தால் டயாபிரம் ஊறியிருக்கிறது அல்லது நாசில் அடைத்திருக்கிறது. முதல் தடவை பீச்சி, அடுத்த மிதிக்கு ஒன்றும் வராவிட்டால் உள்ளே இருக்கும் பந்து வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எஸ்.யு. கார்பரேட்டரில் பம்ப் கிடையாது. அங்கே டோமுக்கு மேலே ஊற்றும் எண்ணெய்தான், பிஸ்டன் சட்டென்று எழுவதைத் தடுத்து, மிதித்த கணத்தில் கலவையைக் கெட்டியாக்குகிறது. எண்ணெய் வற்றிய எஸ்.யு. தடுமாறத்தான் செய்யும். எஸ்.ஏ.இ. 20 எண்ணெய் சில மில்லி ஊற்றினால் தீர்ந்துபோகும் பிரச்சினைக்கு முழு கார்பரேட்டரையும் பிரித்துப்போடும் கூத்து இன்னும் நடக்கிறது.

கலவை பெட்ரோல் குறைந்து இருக்கிறதா, கூடி இருக்கிறதா என்று தெரிய சோக் போதும். இன்ஜின் சூடானதும், வண்டி தடுமாறுகிற அதே வேகத்தில் சோக்கைக் கொஞ்சமாக இழுக்கவும். வண்டி தெளிந்தால் பெட்ரோல் போதவில்லை. இன்னும் மோசமானால் பெட்ரோல் ஏற்கெனவே கூடுதல், இல்லையென்றால் கோளாறு ஸ்பார்க் கொடுக்கும் இக்னிஷனில்.

இக்னிஷனை முடிக்காமல் கார்பரேட்டரில் ஸ்பேனர் வைக்கக் கூடாது என்பது இந்த இன்ஜினுக்கு எழுதாத சட்டம். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ., பிளக் இடைவெளி 0.6 மி.மீ. சுமார். வால்வு இடைவெளி 0.38 மி.மீ. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து ரோட்டரை விரலால் அது சுற்றும் திசையில் திருகிவிட்டால், விட்டதும் ஸ்பிரிங் விசையில் திரும்ப வேண்டும். வராவிட்டால் உள்ளே எடைகள் துருப்பிடித்து ஒட்டிக்கிடக்கின்றன. வேகம் கூடும்போது டைமிங் முன்னேறாது, வண்டி எருமை மாதிரி நிற்கும். கார்பரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வேக்கம் குழாயை டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் விட்டுவிட்டு, கார்பரேட்டர் பக்க முனையைக் கழற்றி வாயால் உறிஞ்சிப் பாருங்கள். பாயிண்ட் பிளேட் அசைய வேண்டும், நாக்கை வைத்து அடைத்தால் உறிஞ்சல் அப்படியே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து வேக்கம் டயாபிரம் கிழிந்திருக்கிறது. கிழிசல் வழியே காற்றும் உள்ளே போகும் என்பதால் ஒரே கோளாறு டைமிங்கையும் கலவையையும் சேர்த்துக் கெடுக்கும்.

பெட்ரோல் வரத்து அடுத்தது. காயிலின் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, கார்பரேட்டருக்கு வரும் குழாயை ஒரு பாட்டிலுக்குள் விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால், ஏ.சி. பம்ப் என்று சொல்லும் பெட்ரோல் பம்ப் ஒவ்வொரு அடிக்கும் கனமாகத் தள்ள வேண்டும். குமிழி வந்தால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் எங்கோ காற்று இழுக்கிறது. காய்ந்த ரப்பர் ஹோஸைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஓடி ஓடி இழுவை குறைகிற வண்டியில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே போய், அதன்பிறகு கொஞ்ச தூரம் நன்றாக ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இன்ஜின் ஆயில் கம்பியை உருவி முகர்ந்து பார்ப்பதும் நல்லது. பெட்ரோல் வாடை அடித்தால் ஏ.சி. பம்பின் டயாபிரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் இறங்குகிறது. அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல் பம்பையும் ஆயிலையும் மாற்ற வேண்டும்.

ஏர் கிளீனரை ஒரே வரியில் முடித்துவிடலாம்: குறுவை, சம்பா அறுவடை முடிந்ததும் வைக்கோல் தூசியைத் தட்டிவிடுங்கள், எண்ணெய்த் தொட்டி வகை என்றால் கோட்டுக்கு மேலே எண்ணெய் ஊற்றாதீர்கள்.

இவ்வளவும் பார்த்து, குற்றவாளி கார்பரேட்டர்தான் என்று ஆனபிறகு கிட்டைப் பிரிக்கலாம்.

பேக்கிங்குகள் பொதுவாகப் பரவாயில்லை. ஆனால் மேல் மூடிப் பேக்கிங்கைப் பழையதன் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஏதாவது ஒரு சிறு துளை குத்தாமல் விட்டிருந்தாலோ அரை மில்லி தள்ளிக் குத்தியிருந்தாலோ ஸ்லோ ஜெட்டுக்கான காற்று வழி அடைபட்டுவிடும். பிறகு ஐட்லிங் நிற்காமல், கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் ஸ்குரூவைத் திருகித் திருகியே நாள் போகும். கூர்மையான பிளேடால் துளையைச் சரிசெய்துகொள்ளலாம். அடிப்பக்கம், கார்பரேட்டருக்கும், கலவையை இன்ஜினுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் வரும் தடித்த பேக்லைட் துண்டு பல கிட்டுகளில் இருப்பதில்லை. பழையதைத் தூக்கி எறிந்துவிட்டு மெல்லிய பேக்கிங் மட்டும் போட்டால், வெயில் காலத்தில் கார்பரேட்டர் சூடேறி ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் கொதிக்கும். இந்த இன்ஜினில் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கத்தில் இருப்பதால் அந்தச் சூடு கொஞ்சநஞ்சமல்ல.

நீடில் வால்வைச் சோதிக்க வாயே போதும். ஊசி மேலே இருக்கும்படி, ஃப்ளோட் அழுத்துகிற அளவுக்கு விரலால் மெல்ல அழுத்திக்கொண்டு ஊதினால் காற்று கசியக் கூடாது. கிட்டில் வரும் வால்வுகளில் இதில் தேறாதவையும் உண்டு. தேறியதைப் பூட்டும்போது அதன் அடி வாஷரின் கனத்தைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் ஃப்ளோட் மட்டத்தைத் தீர்மானிப்பது அதுதான். சோலெக்ஸில் வால்வு மேல் மூடியிலிருந்து கீழ்நோக்கித் தொங்குகிறது. வாஷர் தடித்தால் வால்வு கீழே இறங்கி சீக்கிரம் மூடிக்கொள்ளும், பெட்ரோல் மட்டம் குறையும், இழுவை போகும். மெலிந்தால் மட்டம் ஏறி வழியும். கிட்டில் இரண்டு மூன்று கனத்தில் வாஷர் கிடக்கும். பழைய வாஷரை வெர்னியரில் அளந்து அதே கனத்தைப் போடுங்கள். கிட் மாற்றியதும் வண்டி முன்பைவிட மோசமாகிவிட்டது என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தச் சின்ன வாஷர்தான் இருக்கும்.

டயாபிரம்தான் கிட்டின் உயிர், பலவீனமும் அதுதான். 2023-இல் பெட்ரோல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கிய 20 சதவீத எத்தனால் பெட்ரோல் இப்போது எங்கும் பரவிவிட்டது. பழைய வகை ரப்பர் அதில் ஊறினால் உப்பி நெளிந்துவிடும், காய்ந்தால் விறைத்துவிடும். வாங்கியதும் பூட்டாமல், மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் பங்க் பெட்ரோலை ஊற்றி ஒரு நாள் ஊறப்போடுங்கள். எடுத்துப் பார்க்கும்போது ஸ்குரூ துளைகள் மூடியின் துளைகளோடு நேராக நின்றால் பூட்டலாம். விளிம்பு அலை அலையாக நெளிந்திருந்தால் அது சில மாதங்கள்கூடத் தாங்காது. எத்தனாலைத் தாங்கும் வைட்டான் ரப்பர் டயாபிரம் தனியாகக் கிடைத்தால் விலையைப் பார்க்காமல் வாங்கிவிடலாம். பூட்டுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது: நான்கு ஸ்குரூவையும் லேசாகப் பிடிக்கவிட்டு, பம்ப் லீவரைக் கடைசிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டே குறுக்கு மறுக்காக இறுக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் டயாபிரம் முழு நீளத்துக்கு நகர முடியாமல் இழுபட்டு, பீச்சலும் குறையும், சீக்கிரம் கிழியவும் செய்யும்.

இனி ஜெட். சோலெக்ஸ் ஜெட்டில் இருக்கும் எண் துவாரத்தின் அளவு. 120 என்றால் 1.20 மி.மீ. கிட்டில் வரும் ஜெட்டில் 120 என்று பொறித்திருக்கும், துவாரம் எவ்வளவு என்பது கடவுளுக்கே வெளிச்சம். பித்தளையை எந்த வேகத்தில் துளைத்தார்களோ, உள்ளே பிசிறு இருக்கும், வாய் சரிவு இருக்காது. துவாரம் ஒன்றாகவே இருந்தாலும் இந்தப் பிசிறே பெட்ரோல் ஓட்டத்தை மாற்றிவிடும். வண்டியோடு வந்த பழைய ஜெட் கெட்டுப்போகாத வரை அதுவே மேல். பழைய ஜெட் கெடுவதும் பெரும்பாலும் மனிதக் கையால்தான். செம்புக் கம்பி, ஊசி, விளக்குமாற்று ஈர்க்குச்சி என்று எதையாவது விட்டுக் குடைவார்கள். கம்பி துவாரத்தைப் பெரிதாக்கும், ஈர்க்குச்சி உள்ளேயே முறிந்து நிற்கும். கார்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் கம்ப்ரெஸர் காற்றில் ஊதினால் போதும். பிசின் அசையாவிட்டால் மெல்லிய நைலான் தூண்டில் நரம்பை விட்டு இழுக்கலாம். நாகப்பட்டினம் பக்கத்துக்காரர்களுக்கு அதற்குப் பஞ்சமில்லை.

ஜெட் எண்ணை மாற்றத்தான் வேண்டுமா என்ற கேள்வி எத்தனால் வந்த பிறகு நியாயமானது. சுத்த பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று தேவை. 20 சதவீத எத்தனால் கலந்தால் அது 13.5 கிலோ சுமாருக்கு இறங்கும். அதாவது அதே காற்றுக்கு ஒன்பது சதவீதம் அளவுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும், பழைய ஜெட்டோ பழைய அளவையே கொடுக்கும். ஆகவே சரியான டைமிங், சரியான ஃப்ளோட் மட்டம், கசிவில்லாத மேனிஃபோல்ட் எல்லாம் இருந்தும், சோக்கைக் கொஞ்சம் இழுத்தால்தான் வண்டி தெளிகிறது என்றால், 120-ஐ 125 ஆக்கிப் பார்க்கலாம். ஐந்து எண்தானே என்று தோன்றும். துவாரத்தின் பரப்பு எட்டரை சதவீதம் கூடிவிடும். அதற்கு மேல் போகத் தேவை இருக்காது. நல்ல தயாரிப்பு ஜெட்டைத் தனியாக வாங்குங்கள், இந்தக் கவருக்குள் இருப்பதை நம்பாதீர்கள்.

கிட்டில் இல்லாததும், ஆனால் பிக்கப்பைக் கெடுப்பதில் முன்னணியில் இருப்பதும் த்ராட்டில் தகட்டின் அச்சான ஸ்பிண்டிலின் தேய்மானம். ஸ்பிண்டிலை விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கையில் தட்டுப்பட்டால் அந்த இடுக்கு வழியாகக் காற்று போகிறது. ஐட்லிங் ஏறி இறங்கும், முதல் மிதியில் பள்ளத்தில் விழுந்த மாதிரி இருக்கும். புதுப் பேக்கிங் எத்தனை போட்டாலும் தீராது. லேத் பட்டறையில் உடம்பைத் துளைத்து வெண்கலப் புஷ் போட்டு, ஸ்பிண்டிலை மாற்றினால்தான் சரியாகும். அடுத்தது அடி ஃபிளேஞ்ச் வளைவு. கசிகிறதே என்று நட்டை முறுக்கி முறுக்கி இறுக்கிய கார்பரேட்டரின் இரு காதுகளும் கீழே வளைந்திருக்கும். ஸ்டீல் ஸ்கேலை வைத்து நடுவில் 0.05 மி.மீ. ஃபீலர் நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் கண்ணாடிப் பலகையில் எமரி பேப்பரை ஒட்டி, எட்டு போடுவது மாதிரி தேய்த்துச் சமப்படுத்தலாம்.

பூட்டிய பிறகு கசிவு பார்க்க கார்பரேட்டர் கிளீனர் ஸ்பிரேயை இணைப்புகளில் துளித் துளியாக அடித்து, ஐட்லிங் மாறுகிறதா என்று கவனிப்பார்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் நேர் கீழே இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். இன்ஜின் சூடேறுவதற்கு முன்பே, தீயணைப்பான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்ய வேண்டிய வேலை அது. சூடான இன்ஜினில் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவுவது பாதுகாப்பு. மிக்ஸர் ஸ்குரூவை மெல்ல மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடான பின் சீராக ஓடும் இடத்தில் நிறுத்துங்கள். இந்த ஸ்குரூ ஐட்லிங்குக்கும் முதல் மிதிக்கும் மட்டும்தான். எண்பதில் இழுக்கவில்லை என்று இதைத் திருகுவதில் பயனில்லை.

சோதனை ஓட்டத்துக்கு நம் பக்கம் ஒரு சங்கடம், மேடே கிடையாது. பாசனத்துக்கென்றே தட்டையாய் அமைந்த பூமியில் இன்ஜினுக்குச் சுமை கொடுப்பது எப்படி? தஞ்சாவூர்க்காரர்களுக்கு வல்லம் மேடு இருக்கிறது, மற்றவர்களுக்கு ரயில்வே மேம்பாலம்தான். இரண்டும் பக்கத்தில் இல்லாவிட்டால், காலியான நேர் சாலையில் மூன்றாவது கியரில் 30-லிருந்து 60 கி.மீ. வேகத்துக்கு முழு மிதியில் எத்தனை நொடி என்று பக்கத்தில் இருப்பவர் போனில் எண்ணட்டும். காற்றின் திசை கணக்கைக் கெடுக்காமல் இருக்க எதிர்த் திசையிலும் ஒரு தடவை. கிட் மாற்றும் முன்பே இதை எடுத்து வைத்திருந்தால்தான் மாற்றம் தெரியும். கைக்கும் காதுக்கும் பிக்கப் வந்த மாதிரி தோன்றுவது வேறு.

வாங்கப் போகும்போது பழைய டயாபிரத்தையும் மேல் மூடிப் பேக்கிங்கையும் கையோடு கொண்டுபோய், கவரைப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே காசு கொடுங்கள். பிரிக்க விடாத கடையில் வாங்காதீர்கள். ஆடியில் வண்டியை நிறுத்தப் போகிறவர்கள், டேங்கிலிருந்து வரும் குழாயை அடைத்துவிட்டு இன்ஜின் தானே நிற்கும்வரை ஓடவிட்டால் ஃப்ளோட் சேம்பர் ஏறக்குறைய வற்றிவிடும். கிட்டும் பல வருஷத்துக்கு ஒருமுறை வாங்கினால் போதும்.